மூன்று மாதத்துக்கு அப்புறம் வரும் கணக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா இப்போது கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார். சாயங்காலமானால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். நீ அன்றைக்கு யோசிக்காமல் கிரெடிட் கார்டைத் தேய்த்துக் கட்டியதால்தான் ஆபரேஷன் தள்ளிப்போகாமல் நடந்தது. அந்தப் பாக்கியில் இன்னும் 1,20,000 ரூபாய் நிற்கிறது என்றும், வேறொரு வங்கியிலிருந்து கூப்பிட்டு, பாக்கியைத் தங்கள் கார்டுக்கு மாற்றிக்கொண்டால் மூன்று மாதம் வட்டியே கிடையாது என்கிறார்கள் என்றும் சொன்னாய். மாற்றிவிடலாமா என்று கேட்டாய். போனில் கணக்குச் சொன்னால் மனதில் நிற்காது. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு என்கூடவே போட்டுப் பார்.

முதலில் இப்போதைய நிலைமை. உன் கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம். நம்ம ஊர்ப் பேச்சில் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி. 1,20,000க்கு ஒரு மாதத்துக்கு 4,200 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 756. ஆக 4,956. சாதாரணக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கார்டு வட்டிக்கு உண்டு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கார்டு வட்டி 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் யாராவது தடுத்து நிறுத்துவார்கள் என்று காத்திருக்க முடியாது. மினிமம் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அபராதம் வராது, அவ்வளவுதான். அசல் அசையவே அசையாது.

சரி, இப்போது பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது பாக்கியை வேறு கார்டுக்கு மாற்றுவது. வட்டி இல்லை என்று சொன்னவர், கட்டணம் எவ்வளவு என்று நீ கேட்ட பிறகுதானே இரண்டு சதவீதம் என்றார்? அதைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். 1,20,000க்கு 2,400, அதற்கும் ஜிஎஸ்டி 432, மொத்தம் 2,832 ரூபாய். நீ ஒரு பைசா அனுபவிப்பதற்கு முன்பே முதல் பில்லில் வந்து உட்கார்ந்துவிடும். பெயர்தான் கட்டணம். என் கண்ணுக்கு அது மூன்று மாத வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதுதான்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கேஷியராக இருந்தபோது இதே மாதிரி ஒன்றைத் தினமும் பார்த்தேன். நகைக்கடன் கெடு முடிந்துவிடும். கையில் பணம் இருக்காது. சங்கத்து வராந்தாவிலேயே ஒரு ஆள் நோட்டுக்கட்டோடு நிற்பார். அவரிடம் வாங்கிக் கடனை அடைப்பார்கள், அன்றைக்கே அதே நகையைத் திருப்பி வைத்துப் புதுக்கடன் வாங்கி அவரிடம் கொடுப்பார்கள். காலையில் வாங்கி மதியம் கொடுத்ததற்கு நூற்றுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று அவர் எடுத்துக்கொள்வார். 2011 கடைசியில் 'தானே' புயலில் முந்திரியும் பலாவும் சாய்ந்த பிறகு பண்ருட்டிப் பக்கத்து ஆட்கள் வருஷா வருஷம் அப்படிச் செய்ததைப் பார்த்தேன். கடன் இருந்த இடத்திலேயே இருந்தது, கூலி மட்டும் ஒவ்வொரு தடவையும் போனது.

அதற்காக மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. மாதம் 15,000 அசலில் கட்ட முடியும் என்றாய். அப்படிக் கட்டினாலும் பழைய கார்டில் மூன்று மாத வட்டி 4,200, 3,675, 3,150. ஜிஎஸ்டியோடு கிட்டத்தட்ட 13,000 வருகிறது. புதுக் கார்டில் அதே மூன்று மாதத்துக்கு 2,832தான். பத்தாயிரம் மிச்சம். இது பொய் இல்லை, உண்மையான லாபம்.

ஆனால் நாலாவது மாதம்? அப்போது 75,000 பாக்கி இருக்கும். அதற்கு நூற்றுக்கு மூன்றரை வட்டி ஓட ஆரம்பிக்கும். கடன் மொத்தமாக எட்டு மாதத்தில்தான் தீரும். மீதி ஐந்து மாத வட்டி ஜிஎஸ்டியோடு 9,300 பக்கம் வரும். கட்டணத்தையும் சேர்த்தால் 12,100. மூன்று மாதம் என்று கூப்பிட்டவர் சொன்னதை அளவாக வைக்காதே. உன் கடன் தீரும் நாள்வரை மொத்தம் எத்தனை ரூபாய் போகிறது என்று கூட்டிப் பார்.

அதே கணக்கை நகைக்கடனுக்கும் போட்டேன். இங்கே வங்கியில் விசாரித்தேன், மாதம் நூற்றுக்கு எண்பது பைசாதான் வட்டி. ஜிஎஸ்டி இல்லை. இடையிடையே அசலில் கட்டலாமா என்றும் கேட்டேன், கட்டலாம் என்றார்கள். மாதம் 15,000 கட்டினால் எட்டு மாதத்துக்கும் சேர்த்து வட்டி 4,320. மதிப்பீட்டாளர் கூலி, கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் சில நூறுதான் கூடும். 12,100 எங்கே, இது எங்கே?

என் வளையல் இரண்டும் பீரோவில்தான் இருக்கின்றன. அம்மா நகையை வைக்கக் கூடாது என்று நீ சொல்வாய், தெரியும். அப்பா நடக்க வேண்டும் என்று நீ கடன்பட்டாய். அந்த வட்டியை நீ தனியாகச் சுமக்கிறாய் என்று தெரிந்த பிறகு வளையலைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. எட்டு மாதத்தில் மீட்டுக்கொடு, போதும்.

ஒருவேளை நகை வேண்டாம், மாற்றத்தான் போகிறேன் என்றால் சிலதைக் கேட்டுவிட்டுச் செய். கட்டணம் 'இத்தனை சதவீதம் அல்லது இத்தனை ரூபாய், எது அதிகமோ அது' என்று இருக்கும். சின்னத் தொகையை மாற்றினால் அதுவே ஐந்து சதவீதம் ஆகிவிடும். புதுக் கார்டில் மாற்றிய பாக்கி இருக்கும்வரை வேறு எதையும் வாங்காதே. நீ வாங்கும் மளிகைக்குக்கூட வட்டியில்லா நாட்கள் கிடைக்காது, வாங்கிய தேதியிலிருந்தே ஓடும். பணம் பழைய கார்டுக்குப் போய்ச் சேரச் சில நாள் ஆகும். அதற்குள் கெடு தேதி வந்தால் நீதான் கட்ட வேண்டும், மாற்றச் சொல்லியாகிவிட்டதே என்று இருந்துவிடாதே. பழைய கார்டில் கடைசி பில்லுக்கும் மாற்றிய நாளுக்கும் நடுவே ஓடிய வட்டி அடுத்த பில்லில் வரும், அதையும் கட்டி முடி. போனில் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பாமல் எழுத்தில் வாங்கு. அந்த அழைப்பு நிஜமாகவே வங்கியிலிருந்துதானா என்று அவர்கள் செயலியில் பார்த்துக்கொள், யாருக்கும் ஓடிபி சொல்லாதே.

எந்த வழியில் அடைத்தாலும், பாக்கி பூஜ்யமானதும் பழைய கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உனக்குத் தர வேண்டும்.

இந்த வாரம் சனிக்கிழமை வருகிறாய் அல்லவா? பழைய கார்டின் கடைசி இரண்டு ஸ்டேட்மென்டையும் அச்செடுத்துக் கொண்டுவா. திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிடு. காலையில் வங்கிக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு மதிய பஸ்ஸில் பெங்களூரு கிளம்பலாம்.

அன்புடன்,
அம்மா