மேட்டூர் மதகும் சூரியக் காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் சூரியப் புயல் கட்டுரை படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் சூரியனில் வெடித்தது, பூமியைத் தாக்கியது என்று இரண்டு முனையை மட்டும் சொல்லிவிட்டு, நடுவில் இருக்கும் 15 கோடி கிலோமீட்டரை ஒரே தாவலில் தாண்டிவிட்டார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

மேட்டூரில் பதினாறு கண் மதகைத் திறக்கும்போது பார்த்திருப்பீர்கள். பெரிய சுழி உடைந்து சின்னச் சுழியாகும், அது இன்னும் சின்னதாகும், கடைசியில் தண்ணீருக்குள் இருக்கும் உராய்வு அந்த வேகத்தையெல்லாம் சூடாக்கிக் கரைத்துவிடும். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம்தான் சூரியக் காற்று. அதிலும் இதே கொந்தளிப்பு உண்டு. ஆனால் பூமிக்குப் பக்கத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள்தான், அவை ஒன்றோடொன்று மோதுவதே அபூர்வம், அப்புறம் உராய்வு எங்கிருந்து வரும்? அப்படியிருந்தும் அந்தக் காற்று விரிந்து போகப்போக ஆறவேண்டிய அளவுக்கு ஆறுவதில்லை. வழியில் எதுவோ சூடேற்றுகிறது.

அதற்கு ஒரு முக்கிய வழி காந்த மறு இணைப்பு. எதிரெதிர்த் திசைக் காந்தக் கோடுகள் மெல்லிய ஏடுபோல நெருங்கி, அறுந்து, ஜோடி மாறிச் சேரும்போது காந்தப்புலத்தில் தேங்கிய ஆற்றல் துகள்களுக்கு வேகமாகவும் சூடாகவும் போகிறது. நாசா 2015இல் அனுப்பிய எம்எம்எஸ் விண்கலங்கள் நான்கு. ஒரே கலம் என்றால் அளவீடு மாறியது இடத்தாலா நேரத்தாலா என்று பிரிக்க முடியாது, அதனால்தான் நான்கு. சூரியக் காற்று பூமியின் காந்தக் கவசத்தில் முட்டிக் கொந்தளிக்கும் பகுதியில் அவை கண்டது 2018இல் வெளியானது: எலக்ட்ரான்கள் மட்டும் இருபுறமும் பீறிட்டன, கனமான அயனிகள் (எலக்ட்ரானை இழந்த அணுக்கள்) அதில் சேரவே இல்லை. அவ்வளவு சின்ன இடம், அவ்வளவு சீக்கிரம். மொத்தச் சூட்டில் இதன் பங்கு எவ்வளவு, காந்தப்புலத்தில் ஓடும் அலைகளின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தீராத வழக்கு.

நம் நாட்டின் ஆதித்யா எல்1 விண்கலமும் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று இதே காற்றின் துகள்களையும் காந்தப்புலத்தையும் அளக்கிறது. அந்த அளவீடுகளை வைத்துத் தமிழில் ஒரு தொடர் போடுங்கள், படத்தோடு. கஞ்சமலை மண்ணில் காந்தத்தை விட்டு எடுத்த கருந்தூளைக் காகிதத்தில் தூவித்தான் நான் வகுப்பில் காந்தக் கோடு காட்டுவேன். "இந்தக் கோடு அறுந்தா என்ன ஆகும் மிஸ்?" என்று ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள். அவள் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு பக்கம் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.