பாரிசில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பத்து நாளாக உன் குரலைக் கேட்கவில்லை. உனக்கு வேலை மிகுதி என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குளிரில் வெளியே போகும்போது கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொள்.

நேற்றிரவு தூக்கம் வராமல் மொலியேரின் ‘லெ மலாத் இமாஜினேர்’ (கற்பனை நோயாளி) நாடகத்தை மறுபடி எடுத்தேன். போன மாதம் 12 மருந்தும் 20 எனிமாவும், இந்த மாதம் 8 மருந்தும் 12 எனிமாவும்தான், அதனால்தான் உடம்பு சரியில்லை என்று அந்தக் கற்பனை நோயாளி ஆர்கான் மருந்துக்கடைக் கணக்கைக் கூட்டும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கொமெதி பிரான்சேஸ் நாடக அரங்கில் நாம் சேர்ந்து பார்த்தபோது எனக்கு முன்பே நீ அந்த வசனத்துக்குச் சிரித்தாய்; எவ்வளவு பெருமையாக இருந்தது!

ஆனால் வேலைக்காரி துவானெத் வைத்தியர் வேடத்தில் வந்து, தலைவலி என்றாலும் வயிற்றுவலி என்றாலும் ‘நுரையீரல்’ என்றே சொல்லும் காட்சியில் இம்முறை சிரிப்பு வரவில்லை. 1673 பிப்ரவரி 17 அன்று, நான்காவது ஆட்டத்தில் ஆர்கானாக நடித்துக்கொண்டிருந்த மொலியேர், தமக்கு வந்த வலிப்பைச் சிரிப்பால் மறைத்து ஆட்டத்தை முடித்தார் என்றும், அன்றிரவே ரிஷ்லியே தெரு வீட்டில் இறந்தார் என்றும் லிசே பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. கடைசியாகப் பேசியபோது நீயும் இருமிவிட்டு, ‘தூசிப்பா’ என்று சிரித்தாய். கழுத்தை மூடாமல் போகாதே அம்மா. இவ்வளவு படித்த பெண் ஒரு வரி எழுதக் கூடாதா?

ஆர்கான் செத்தவர்போலக் கிடக்க, மனைவி பெலீன் மகிழ, மகள் ஆஞ்செலிக் கதறும் இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். பாப்பா, நீ முதன்முறை பாரிசுக்குக் கிளம்ப இருந்த வாரம் எனக்கு வந்த நெஞ்சுவலி, வலியே இல்லை. உன்னைப் போகவிட மனமில்லாமல் பொய் சொன்னேன். நீ பயணத்தைத் தள்ளிப்போட்டு, இரவெல்லாம் என் கையைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததும் கோயிலுக்கு ஓடினாய். இத்தனை வருடம் இதை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நோய் என்றால் அப்பா தாங்கமாட்டார் என்று அன்று உன் மனத்தில் பதிய வைத்தவன் நான்தான். என்னை மன்னித்துவிடு.

வைத்தியரிடம் போனாயா? அவர் சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல் எழுது. நான் தாங்கிக்கொள்வேன்.

அன்புடன்,
அப்பா