கண்ணகிக்குப் பல கதைகள் உண்டென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை உருவாக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கோவலன் கதையைக் கூத்திலோ கோயில் பாட்டிலோ கேட்டு வளர்ந்த பிள்ளை, வகுப்பில் இளங்கோவடிகளின் காப்பியத்தைப் படிக்கும்போது, தான் கேட்டது வேறாக இருக்கிறதே என்று தயங்குகிறது. 'நீ கேட்டது பாமரர் திரித்த கதை' என்று விடை சொல்லிக் கடந்துபோகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவ்விடை தவறானது; அதைப் பாடநூலே திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேறுபாடுகள் சிறியவை அல்ல. காப்பியத்தில் கண்ணகி புகார் நகரத்து வணிகன் மாநாய்கனின் மகள். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் கோவலன் கதையிலோ அவள் பாண்டியனுக்கே மகளாகப் பிறந்து, அவளால் நகர் அழியும் என்ற அச்சத்தால் பேழையில் வைத்து நீரில் விடப்பட்டு, வணிகர் வீட்டில் வளர்கிறாள். ஈழத்து மட்டக்களப்புப் பகுதியில் வழங்கி, வீ. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரையில் அவள் மாங்கனியிலிருந்து தோன்றுகிறாள். ஒரே பெண்ணுக்கு மூன்று பிறப்புகள் ஏன் அமைந்தன என்ற கேள்வியிலிருந்தே பாடம் தொடங்கலாம்.

அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்பது இளங்கோ எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று. அரச குலத்தோடு எந்த உறவும் இல்லாத ஒருத்தி, வாயிலோன் வழியே தன் வருகையை அறிவித்து, அவை புகுந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று காட்டி வேந்தனை வெல்லும்போதுதான் அப்பொருள் முழு வலிமை பெறுகிறது. கோவலன் கதைப்பாடலின் நாட்டம் வேறு: பெற்ற குழந்தையைக் கைவிட்ட அரசன், கோவலன் தன் மருமகனென்று அறியாமலே அவனைக் கொல்கிறான், அரசன் செய்த பிழை அரசன் வீட்டுக்கே திரும்பி வருகிறது. இந்த இரண்டாம் அமைப்பைச் சிதைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது வேறொரு நீதியைத் தெளிந்து வகுத்த கற்பனை.

மட்டக்களப்பின் வழக்குரை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அது படித்து முடித்து மூடிவைக்கும் நூல் அன்று. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்காகப் படிக்கப்படுவது. மழையைத் தருபவளாகவும் அம்மை முதலிய நோய்களைத் தணிப்பவளாகவும் மக்கள் வழிபடும் தெய்வத்தின் கதை, நகரை எரித்த சினத்தோடு நின்றுவிட முடியாது. அவள் குளிர வேண்டும். அதனால்தான் அவ்விழா அவளைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கில் நிறைவு பெறுகிறது. இத்தேவையின் வேர் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வெப்பு நோயும் குரு என்னும் கொப்புள நோயும் பரவியதாகவும், வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு விழாவெடுத்துச் சாந்தி செய்ததாகவும் அக்காப்பியத்தின் முன்னுள்ள உரைபெறு கட்டுரை என்னும் உரைநடைப் பகுதி கூறுகிறது. திருவனந்தபுரத்து ஆற்றுகால் பகவதி கோயிலிலோ, கண்ணகி கதையைப் பாடும் தோற்றம்பாட்டு பாண்டியன் வதைப் பகுதியை எட்டும்போதுதான் பொங்கலுக்கு அடுப்பு மூட்டப்படுகிறது. ஓரிடத்தில் சினம் தணிவதும் மற்றோரிடத்தில் சினம் வெல்வதும் விழாவின் உச்சமாக இருக்கும்போது, இரண்டு ஊர்களும் ஒரே பாட்டைப் பாட வேண்டுமென்று எப்படி எதிர்பார்ப்பது?

காப்பியமே மூலம், மற்றவையெல்லாம் அதன் கிளைகள் என்ற எண்ணத்தையும் மறுபார்வைக்கு உட்படுத்துங்கள். மதுரை மருதன் இளநாகனார் பாடிய நற்றிணை 216ஆம் பாட்டில், வேங்கை மரத்தோடு சேர்த்து, ஒரு முலை அறுத்த திருமாவுண்ணி என்பவள் குறிக்கப்படுகிறாள். முலை திருகி எறிந்த கண்ணகியை அவள் நினைவூட்டினாலும், கண்ணகியின் பெயர் அங்கே இல்லை. சிலப்பதிகாரத்தின் முன்னுரையான பதிகமோ, குன்றக் குறவர் தாம் கண்டதைச் சொல்ல, அதன் பின்னணியைப் புலவர் சாத்தனார் விளக்க, அவற்றைக் கேட்ட இளங்கோ பாட முற்பட்டதாகக் கூறுகிறது. காப்பியம் தன்னைக் கேட்ட கதையாகவே அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

எல்லா வேறுபாட்டுக்கும் இத்தகைய காரணம் உண்டென்று நான் வாதிடவில்லை. ஏடு பெயர்த்து எழுதுவோர் பிழை விடுவார்கள், பாடுவோர் அடிகளை மறப்பார்கள். உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கி 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய உழைப்பு அத்தகைய பிழைகளைக் களைவதற்கு இன்றியமையாதது. ஆனால் ஏட்டுப் பிழை வேறு, கதை மரபு வேறு. முன்னதைத் திருத்தும் கோலால் பின்னதை அளக்கலாகாது.

எனவே கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்கும் வழக்குரை காதை பாடமாக வரும் வகுப்பில், அதே காட்சியைக் கோவலன் கதையிலிருந்தும் ஈழத்துக் கண்ணகி வழக்குரையிலிருந்தும் ஒவ்வொரு பக்கம் சேர்த்துத் தர வேண்டுகிறேன். தம் ஊரிலும் வீட்டிலும் வழங்கும் கோவலன் கதையைக் கேட்டு எழுதிவரும் பணியைப் பயிற்சியாகக் கொடுங்கள். அதற்கு மதிப்பெண்ணும் ஒதுக்குங்கள். ஆசிரியர் கையேட்டில், இவ்வடிவங்களைக் குறிக்கத் 'திரிபு' என்ற சொல்லை ஆளாமல், அவற்றைப் பாடுவோர் வழங்கும் பெயர்களையே தாருங்கள்.

பணிவுடன்,
ஒரு தமிழாசிரியர்