சொதியும் எவர்சில்வர் கிண்ணமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பன்னிரண்டு படங்களும் நேற்றுத் தபாலில் வந்தன. கைப்பேசியிலேயே காட்டியிருக்கலாம், தாளில் அச்சிட்டு அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று உனக்குத் தோன்றியதில் எனக்குப் பெரிய நிறைவு. முன்னறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இட்லியிலிருந்து ஆவி எழும் படம் என் மனத்தை விட்டுப் போகவே இல்லை. பின்னணி இருட்டாக இருந்து, வெளிச்சம் இட்லிக்குப் பின்னாலிருந்து வந்தால்தான் ஆவி படத்தில் விழும். யாராவது சொல்லித் தந்தார்களா, நீயே கண்டுகொண்டாயா?

நம் தேங்காய்ப்பால் குழம்பான சொதியின் படத்தில்தான் நின்றுவிட்டேன். கறுப்புக் கல் கிண்ணம், அடியில் சாக்குத் துணி, சுற்றிலும் இறைந்து கிடக்கும் மிளகாய் வற்றல். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சொதியில் ஏது வற்றல்? பச்சை மிளகாயும் இஞ்சியும்தானே போடுவோம்?" என்று கேட்டாள். அந்தக் கறுப்புக்கு நடுவே தேங்காய்ப்பால் சுண்ணாம்பு போல வெளிறித் தெரிகிறது. பாசிப்பருப்பு சேர்ந்த அந்த இளமஞ்சளை நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள். மறுவீட்டு விருந்தில் இலையில் சோற்றின் மேல் அதை ஊற்றும்போது, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி இருக்கும், உருளைக்கிழங்கு வறுவல் இருக்கும். சாக்குத் துணியை நம் திருநெல்வேலியில் எந்தப் பந்தியிலும் நான் கண்டதில்லை.

எவர்சில்வரில் ஏன் எடுக்கவில்லை என்று போனில் கேட்டேன். "அதில் கேமரா, ஜன்னல், என் முகம் எல்லாம் தெரியும் அப்பா, அதனால் யாரும் தொடமாட்டார்கள்" என்றாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஏழு வயது இருக்கும். ஒரு பாத்திரக்கடைக்காரர் காலண்டருக்காகக் குடமும் குத்துவிளக்கும் கொண்டுவந்து இறக்கினார். அதுவரை நான் எடுத்ததெல்லாம் கல்யாணமும் பாஸ்போர்ட் படமும்தான். குடத்தின் வயிற்றில் ஸ்டூடியோ முழுவதும் தெரிந்தது. 120 ஃபிலிம் ரோல் ஒன்றில் பன்னிரண்டு படம்; இரண்டு ரோல் வீணாயிற்று. மூன்றாம் நாள் உன் அம்மா துவைத்த மல் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைக் குடத்தைச் சுற்றிக் கூடாரம் போலக் கட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டி, விளக்குகளை வேட்டிக்கு வெளியே வைத்தேன். பிம்பங்கள் எல்லாம் மறைந்தன. ஆனால் குடமும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் உயிரற்றுப் போயிற்று. பிறகு வேட்டியின் உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் கறுப்புத் தாளை விரல் அகலத்துக்கு வெட்டி ஒட்டினேன். அந்தக் கறுப்பு குடத்தின் விளிம்பில் கோடாக ஓடியதும் வளைவு எழுந்து நின்றது. நீ அந்தக் கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தது நினைவிருக்கிறதா?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் கலிபோர்னியாவில் எடுத்த குடைமிளகாய்ப் படம் உனக்குத் தெரிந்திருக்கும். எத்தனையோ மிளகாய்களை எடுத்துப் பார்த்தபின் அதை ஒரு தகரப் புனலின் வாய்க்குள் வைத்தார். சுற்றியிருந்த தகரமே வெளிச்சத்தை மிளகாயின் மேல் திருப்பிவிட்டது. உலோகத்தைக் கண்டு அவர் விலகவில்லை. உன் கையில் எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது, பாப்பா. சொதியைச் சுற்றி அந்த மினுக்கம் ஒரு வட்டமாக நின்றால் இளமஞ்சள் தானே தெளியும் என்று நினைக்கிறேன். எடுத்துப் பார்.

மும்பையில் உணவுப் படம் எடுப்பவரிடம் உதவியாளராக இருந்தபோது ஐஸ்கிரீமுக்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கை உருட்டியதையும், கண்ணாடித் தம்ளரில் கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்து வியர்க்க வைத்ததையும் எழுதியிருந்தாய். அப்போது எனக்குக் கோபம் வந்தது. பொறியாளர் வேலையை விட்டுவிட்டு இதற்கா போனாய் என்று நான்கு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அது தவறு. உன்னிடம் நேரில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

நானும் நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்தவன்தான். சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் எத்தனை முகங்களில் மறைத்திருக்கிறேன்! ஒருமுறை ஒரு தாய், மகனின் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தழும்பைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள், இது அவன் இல்லை" என்றார். இன்னொரு பிரதி போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு கேட்காமல் யார் முகத்திலும் பென்சில் வைத்ததில்லை.

சாம்பாரில் முருங்கைக்காய் மூழ்கிவிடுகிறது என்று அடியில் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிறாயே, அது சரியா என்று கேட்டிருந்தாய். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் கேம்பெல் சூப் விளம்பரத்துக்கு இதையே செய்தார்கள். கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்களை மேலே ஏற்றினார்கள். விலைக்கு விற்கும் சூப்பில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காய் இருப்பதுபோல் தோன்றியதால் அரசின் வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ஆகவே நீ இப்படி அளந்துகொள்: ஒரு கரண்டி அள்ளினால் எத்தனை காய் வருமோ அத்தனை மட்டும் மேலே தெரியட்டும். அந்த அளவுக்குக் கிண்ணத்தைக் கவிழ்ப்பதில் எனக்கு மறுப்பில்லை.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. உன் ஆச்சியின் பெயர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது; ஓரத்தில் ஒரு நசுங்கல் உண்டு, தட்டி எடுக்கக் கொடுத்துவிடாதே. எலுமிச்சைச் சாறு விட்டபின் சொதியைக் கொதிக்க விடக் கூடாது, திரிந்துவிடும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அடியில் அந்த வேட்டியை மடித்து வைத்திருக்கிறேன். ஓட்டை என் பழைய யாஷிகா கேமராவுக்காக வெட்டியது. உன் லென்ஸுக்குப் போதாது. பெரிதாக வெட்டிக்கொள்.

அன்புடன்,
அப்பா