டபுள் ஷாக்கர் சைக்கிள் விக்கிற கடைக்கார அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க அண்ணா.

பொள்ளாச்சி, கோயமுத்தூர், திருப்பூர்னு நம்ம பக்கம் கியர் சைக்கிள் கடை வச்சிருக்கற எல்லாருக்கும், உங்களுக்கு சைக்கிள் செஞ்சு அனுப்பற கம்பெனிக்காரங்களுக்கும் சேர்த்துதான் இத எழுதறேன். யாரு மேலயும் கோவமில்லீங்க. நான் கேக்கறது ஒண்ணுதான், முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஷாக்கப்சர் இருக்கற சைக்கிள் உங்க கடைய விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி அத ஓட்டப்போற ஆளோட எடைக்கு செட் பண்ணிக் குடுங்க, அப்படி செட் பண்ண வழியே இல்லாத ஷாக்கப்சர்னா அத காசு வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா நான் அதுல அடிபட்டிருக்கேன். 2017-ல 14,500 ரூபா குடுத்து ஒரு டபுள் ஷாக்கர் வாங்கினேன், 26 இஞ்ச் வீலு, 21 கியரு, நடுவுல செவப்பு கலர்ல பெரிய ஸ்பிரிங்கு, பாக்கவே அம்சமா இருக்கும். பள்ளம் மேடு எதுவும் தெரியாது தம்பி, மெத்தைல போற மாதிரி போலாம்னு சொல்லித்தான் குடுத்தாங்க. எடை எவ்ளோன்னு கேட்டேன், லைட்வெயிட்தான்னாங்க. வீட்டுக்குப் போற வழில எங்க மாமாவோட தேங்கா மண்டில தராசுல ஏத்திப் பாத்தா 19 கிலோ 200 கிராம்.

சரி வாங்கியாச்சு, ஓட்டுவோம்னு ஆழியார்ல இருந்து வால்பாறை ரோட்ல ஏறினேன். அங்க மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு இருக்கு, எனக்கு மூணாவது வளைவுலயே தொடை ரெண்டும் எரிய ஆரம்பிச்சிருச்சு, ஏன்னா நான் மிதிக்கற ஒவ்வொரு மிதிக்கும் பின்னாடி ஸ்பிரிங் அமுங்கி அமுங்கி எந்திரிக்குது, சக்கரத்துக்குப் போக வேண்டிய பலத்துல ஒரு பங்கு அந்த ஆட்டத்துலயே போயிருது. அது கூடப் பரவால்லீங்க. திரும்பி எறங்கும்போது ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல ஏறுச்சு, ஸ்பிரிங் எந்த வேகத்துல அமுங்குச்சோ அதே வேகத்துல திருப்பி எந்திரிச்சு பின்சக்கரத்த தரைய விட்டுத் தூக்கி சீட்டோட என்னைய முன்னாடி எறிஞ்சிருச்சு. முழங்கைல ஆறு தையல். எதுக்க பஸ் எதுவும் வரல, அந்த ஒண்ணுதான் காப்பாத்துச்சு.

கடைல போய்ச் சொன்னா ஸ்பிரிங்குக்கு மேல இருக்கற அந்த வளையத்த நல்லா டைட் பண்ணி விட்டாங்க, இனிமே ஆடாதுன்னாங்க. அந்த வளையத்தத் திருகினா ஸ்பிரிங்கோட கடினம் மாறாதுங்கண்ணா, உக்காரும்போது எவ்ளோ எறங்குதுங்கறது கொஞ்சம் மாறும் அவ்வளவுதான், எந்திரிக்கற வேகம் அப்படியேதான் இருக்கும். அந்த வேகத்த அடக்கறதுக்கு உள்ள எண்ணெய் இருக்கோணும், அந்த எண்ணெய் சின்ன ஓட்டை வழியா மெதுவாப் போகோணும், அத டேம்பிங்னு சொல்வாங்க. பதினாலாயிரம் பதினஞ்சாயிரம் ரூபா சைக்கிள்ல இருக்கற ஷாக்கப்சர் பெரும்பாலும் ஒரு தடிக்கு மேல சுத்துன வெறும் ஸ்பிரிங்கு, டேம்பிங்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இருக்காது. உங்க மோட்டார்பைக்ல ஷாக்கப்சர் ஆயில் லீக் ஆயி காலியானா வண்டி எப்படி குதிக்கும்னு உங்களுக்கே தெரியும், அந்த நெலமைலதான் இந்த சைக்கிள் புதுசாவே வருது.

இன்னொண்ணு, அந்த ஸ்பிரிங் மேல 650, 750னு ஒரு நம்பர் அடிச்சிருக்கும். 750 பவுண்டு வரைக்கும் தாங்கும்னு என்கிட்டயே ரெண்டு கடைல சொல்லிருக்காங்க. அது எவ்ளோ எடை தாங்கும்ங்கற கணக்கு இல்லீங்க. அந்த ஸ்பிரிங்க ஒரு இஞ்ச் அமுக்க எத்தன பவுண்டு வேணும்ங்கறதுதான் அந்த நம்பரு. 35 கிலோ இருக்கற ஸ்கூல் பையனுக்கு 750 ஸ்பிரிங் குடுத்தா அது பெருசா அசையாது, அவன் கூடுதல் இரும்ப சும்மா சொமந்துட்டு ஸ்கூலுக்குப் போறான். அவங்கப்பா நம்பர் பெருசா இருந்தா நல்லதுன்னு நெனச்சு சந்தோசமா காசு குடுத்துட்டுப் போறாரு. அந்த எடத்துலதாங்கண்ணா எனக்கு மனசு வலிக்குது. அவரு தறி ஓட்டியோ தென்னந்தோப்புல வேல செஞ்சோ சேத்த காசு அது. பையன் ஆசப்பட்டான்னு வாங்கறாரு. அவரு பட்ஜெட் 15 ஆயிரம்னா பின்னாடி ஷாக்கப்சரே இல்லாத ஒரு நல்ல சைக்கிளக் காட்டுங்க, பின்னாடி ஸ்பிரிங்குக்கும் கூடுதல் இரும்புக்கும் போற காசு நல்ல பிரேக்குலயும் நல்ல வீல்லயும் இருக்கும்னு எடுத்துச் சொல்லுங்க. உங்க மேல நம்பிக்கை வச்சுத்தான் உள்ள வர்றாரு, நீங்க சொன்னா கேப்பாரு.

நெஜமாவே மண்ணுலயும் கல்லுலயும் ஓட்டறதுக்கு ஃபுல் சஸ்பென்ஷன், அதாவது ரெண்டு பக்கமும் நல்ல ஷாக்கப்சர் வேணும்னா புதுசுக்கு அத விட பல மடங்கு ஆகும், அதுதான் இந்த வகைல பட்ஜெட். நான் ரெண்டாவது வாங்கினது செகண்ட் ஹேண்டு, பெங்களூர்ல ஒரு தம்பிகிட்ட 62 ஆயிரத்துக்கு. முன்னாடியும் பின்னாடியும் 130 மில்லிமீட்டர் டிராவல், அதாவது சக்கரம் மேல கீழ போற தூரம், ரெண்டுமே காத்து ஷாக்கப்சர். பின்னாடி பிரேம்ல சக்கரத்துக்கும் நடு பிவட்டுக்கும் (பிவட்னா பிரேம் மடங்கற மூட்டு) இடையில ஒரு சின்ன பிவட் தனியா இருக்கும், அத ஹார்ஸ்ட் லிங்க்னு சொல்வாங்க, ஹார்ஸ்ட் லைட்னர்ங்கறவரு கண்டுபிடிச்சது. அதோட பேட்டன்ட் ரொம்ப வருசம் ஸ்பெஷலைஸ்டு கம்பெனிகிட்ட இருந்துச்சு, 2010-களுக்கு நடுவுல அது காலாவதி ஆனதுக்கப்புறம்தான் கொறஞ்ச வெல சைக்கிள்லயும் அந்த டிசைன் தாராளமா வர ஆரம்பிச்சுது. அதனால கொறஞ்ச வெலன்னா மட்டம்னு இப்ப சொல்லவே முடியாது, செட்டிங் சரியா இருந்தா அருமையா ஓடும்.

ஆனா அந்த நல்ல சைக்கிளும் மொத வாரம் எனக்கு சரியா ஓடலீங்க. பெடல் ஒவ்வொரு கல்லுலயும் இடிக்குது, சின்ன பள்ளத்துல எறங்கினாலே பின்னாடி டக்குனு அடி வரைக்கும் போய் முட்டுது. ஏமாந்துட்டமோன்னு நெனச்சு ரெண்டு நாள் தூக்கமில்ல. அப்புறம் ஷாக்குக்கு காத்தடிக்கற ஷாக் பம்பு ஒண்ணு வாங்கி மாட்டிப் பாத்தா உள்ள காத்தழுத்தம் 130 பிஎஸ்ஐதான் இருக்கு, ஏன்னா அந்த தம்பி 60 கிலோ, நான் 78 கிலோ. ஷாக்கோட ஸ்ட்ரோக், அதாவது அது மொத்தமா அமுங்கற தூரம், 50 மில்லிமீட்டர், நான் ஏறி உக்காந்தா 22 மில்லிமீட்டர் எறங்குது. 30 சதவீதம், அதாவது 15 மில்லிமீட்டர்தான் எறங்கோணும். ஆளு உக்காந்ததும் எறங்கற இந்த அளவத்தான் சாக்னு சொல்றது, இத ஒண்ண மட்டும் நீங்க அளந்து குடுத்தீங்கன்னா பாதி பிரச்சனை தீந்துருங்கண்ணா.

அளக்கறதுக்கு பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். ஷாக்கோட தடில ஒரு ரப்பர் வளையம் இருக்கும், இல்லன்னா ஒரு ஜிப் டைய லூசா கட்டிக்கலாம். ஆள ஹெல்மெட், பேக்கு, தண்ணி பாட்டிலோட ஏத்தி செவுத்தப் புடிச்சு நிக்க வச்சு, வளையத்த தடி உள்ள போற எடத்துல இருக்கற சீல் ஓரத்துக்குத் தள்ளி விட்டு, குதிக்காம மெதுவா எறங்கச் சொல்லி ஸ்கேல் வச்சுப் பாத்தா போதும். கம்மியா எறங்குனா காத்த வெளிய விடோணும், ஜாஸ்தியா எறங்குனா அடிக்கோணும். நான் 170-க்கு ஏத்தினதும் சரியா 15 வந்துச்சு. நெறைய சைக்கிளுக்கு நம்ம எடை எத்தன பவுண்டோ அத்தன பிஎஸ்ஐல ஆரம்பிச்சா கிட்டத்தட்ட வந்துரும், அப்புறம் அளந்து அளந்து மாத்திக்கோணும், பிரேமுக்குப் பிரேம் மாறும். அடிக்கும்போது ஒரு 50 பிஎஸ்ஐக்கு ஒருக்கா ஷாக்க பத்து தடவ அமுக்கி விடோணும், அப்பத்தான் உள்ள இருக்கற ரெண்டாவது அறைக்கும் காத்து போகும். முன்னாடி போர்க்குக்கு 20 சதவீதம், என்னோடதுக்கு 26 மில்லிமீட்டர்.

பெட்ரோல் பங்க்ல இருக்கற காத்துக் குழாயையும் பஞ்சர் கடை கம்ப்ரசரையும் இதுக்குப் பயன்படுத்தவே கூடாதுன்னு வாங்கறவங்ககிட்ட கண்டிப்பா சொல்லோணும். வால்வு பைக் டியூப் வால்வு மாதிரியே இருக்கறதால போய் அடிச்சிர்றாங்க. உள்ள இடம் ரொம்பச் சின்னது, வேண்டியது 150, 200 பிஎஸ்ஐ, கையில அடிக்கற ஷாக் பம்புலதான் அத கொஞ்சம் கொஞ்சமா அடிக்க முடியும்.

அப்புறம் ஷாக்குல இருக்கற அந்த செவப்பு திருகு. பெரும்பாலும் அதுதான் ரீபவுண்டு, அமுங்குனது எவ்ளோ வேகமா எந்திரிக்கோணும்ங்கறத அதுல மாத்தலாம், என்னய வால்பாறை ரோட்ல எறிஞ்ச சைக்கிள்ல இல்லாதது அதுதான். பிளாட்பாரத்துல இருந்து உக்காந்தபடியே ரோட்டுக்கு எறங்கிப் பாக்கோணும், பின்னாடி ஒருக்கா எந்திரிச்சு நின்னா சரி, ரெண்டு மூணு தடவ ஆடுச்சுன்னா ஒரு கிளிக் மெதுவாக்கோணும். மொத்தமா பத்து பாஞ்சு நிமிசம் ஆகும்.

டயர் காத்தும் இதுல சேர்த்திதான். விரல்ல அமுக்கிப் பாத்துட்டு கல்லு மாதிரி 50 பிஎஸ்ஐ அடிச்சுக் குடுத்தா எவ்ளோ நல்ல ஷாக்கப்சர் இருந்தும் கை நடுங்கும். 2.3 இஞ்ச் டயர்ல டியூப் இருந்தா நான் 30 அடிக்கறேன், டியூப்லெஸ் பண்ணதுக்கப்புறம் 25. நம்ம தோப்புப் பாதைல கருவேல முள்ளு நெறைய, ஓட்டைய அடைக்கற சீலன்ட் திரவம் ஊத்தி டியூப்லெஸ் ஆக்கறது இங்க ரொம்ப அவசியம்.

கம்பெனிக்காரங்களுக்கு ஒரு வார்த்த. 1949-ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூர்ல சைக்கிள் செஞ்ச நாடு இது, லூதியானா 1950-கள்ல இருந்து சைக்கிள் செய்யற ஊரு, நமக்குத் தெரியாத தொழில் இல்ல. கியர் எத்தனைன்னு பெருசா அச்சடிக்கறீங்க, ஆனா சைக்கிள் எத்தன கிலோ, எந்த மாதிரி பாதைக்கு செஞ்சது, எவ்ளோ எடை ஆளு ஓட்டலாம், பின் ஷாக்கோட நீளமும் ஸ்ட்ரோக்கும் என்னன்னு எதையும் போடறதில்ல. அமெரிக்கால ஏஎஸ்டிஎம் எஃப்2043ன்னு ஒரு தர அளவு இருக்கு, அதுல தார் ரோட்டுக்கு 1, மண் ரோட்டுக்கு 2, கரடுமுரடான மலைப்பாதைல 61 சென்டிமீட்டர் வரைக்கும் எறங்கறதுக்கு 3னு தெளிவா பிரிச்சு வச்சிருக்காங்க, பல கம்பெனிங்க அந்த நம்பர பிரேம்லயே ஒட்டறாங்க. அதே மாதிரி ஒரு ஸ்டிக்கர நம்ம ஊர்ல விக்கற சைக்கிள்லயும் தமிழ்ல ஒட்டுங்க. 15 ஆயிரம் ரூபா டபுள் ஷாக்கர்ல மலைல குதிக்கற மாதிரி படம் போட்டு விக்காதீங்க, பசங்க அதப் பாத்து நெஜமாவே குதிக்கறாங்க.

ஸ்பேர் விசயமும் அப்படித்தான். என் சைக்கிள்ல பிவட் பேரிங்கு 6902, 15-க்கு 28-க்கு 7 மில்லிமீட்டர், கோயமுத்தூர்ல பம்பு மோட்டாருக்கு பேரிங் விக்கற கடைல கேட்டவொடனே எடுத்துக் குடுத்துட்டாங்க. அந்த மொத சைக்கிள்ல பிவட்ல இருந்தது பிளாஸ்டிக் புஷ்ஷு, ஆறு மாசத்துல பின் சக்கரம் ரெண்டு பக்கமும் ஆட ஆரம்பிச்சிருச்சு, எந்தக் கடைலயும் கெடைக்கல, கடைசில ஒரு லேத்துல குடுத்து பித்தளைல கடஞ்சு போட்டேன். பின்னாடி கியர பிரேம்ல மாட்டற சின்னத் துண்டான கியர் ஹேங்கரும் அப்படியே, ஒவ்வொரு பிரேமுக்கும் ஒவ்வொரு அளவு, வளஞ்சா வேற எங்கயும் கெடைக்காது, சைக்கிளோட ஒண்ணு சேர்த்தே குடுத்துருங்க. காத்து ஷாக்க 50 மணி நேரம் ஓட்டினா தொறந்து சீல் துடைச்சு எண்ணெய் போடோணும்ங்கறதையும் வாங்கற அன்னைக்கே எழுதிக் குடுங்க, செவந்த மண் தூசில அத தள்ளிப் போட்டா தடில கோடு விழுந்துரும், கோடு விழுந்துட்டா தடியோட மாத்தோணும், பெரிய செலவு.

இதெல்லாம் குடுக்க கட்டுபடி ஆகாதுன்னு சொல்வீங்க, தெரியும், கடை வாடகையும் ஆள் சம்பளமும் சும்மா இல்ல. ஆனா 2025 செப்டம்பர் 22-ல இருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 சதவீதமாயிருச்சு, வரியோட 80 ஆயிரத்துக்கு வித்த சைக்கிளு 75 ஆயிரத்துக்கு வரோணும். வாங்கறவங்ககிட்ட அந்த அஞ்சாயிரத்துல ஒரு ஷாக் பம்பும் ஒரு ஹேங்கரும் கொஞ்சம் சீலன்டும் வாங்கிக்கச் சொல்லுங்க, சந்தோசமா வாங்குவாங்க. செட் பண்றதுக்கு தனியா 300 ரூபா கேட்டாக் கூட நான் குடுப்பேன், என் கூட ஓட்டறவங்களும் குடுப்பாங்க.

எங்க ஓட்டறதுன்னும் கேப்பாங்க. ஆனமலை பக்கமும் ஆனைகட்டி பக்கமும் காட்டுக்குள்ள போகச் சொல்லிராதீங்க, யானை நடமாடற எடம், வனத்துறை அனுமதியில்லாம நுழையவும் கூடாது. பிஏபி (பரம்பிக்குளம் ஆழியார் பாசனத் திட்டம்) வாய்க்கா மேட்டுலயும் தோப்பு வழித்தடத்துலயும் ஓட்டறதுக்கே நெறைய இருக்கு, நாங்க அங்கதான் ஓட்டறோம்.

வர்ற ஞாயித்துக்கெழம என் தங்கச்சி பையன உங்கள்ல ஒருத்தர் கடைக்குக் கூட்டிட்டு வர்றேன். பிளஸ் டூ முடிச்சிருக்கான், எடை 54 கிலோ, கையில 78 ஆயிரம் இருக்கு, அதுல பாதி அவன் லீவுல கேட்டரிங் வேலைக்குப் போய் சேத்தது. நான் வாய தொறக்க மாட்டேன். நீங்களா ஸ்கேல எடுத்து அவன ஏத்தி வச்சு அளந்து குடுங்கண்ணா.