தராவாவிலிருந்து

அன்புள்ள சண்முகம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு. உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும்.

பசிபிக் கடலில் இந்தக் கிரிபட்டி நாட்டின் இன்னொரு தீவான கிரிட்டிமட்டிக்கு ஆபீஸ் வேலையாகப் போய் வந்தேன் என்று எழுதியதற்கு, "ஒரே நாடுதானே, எவ்வளவு நேரம் ஆகிவிடும்?" என்று கேட்டிருந்தாய். தூரத்தைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். தலைநகர் தராவாவிலிருந்து கிழக்கே, நேர்கோட்டில் சுமார் 3,280 கிலோமீட்டர். நேரம்தான் சிக்கல். அது கிழமையைப் பொறுத்தது.

ஜெட் நேராகப் போனால் நாலேகால் மணி நேரம் போதும். ஆனால் பல வருஷமாக வழி ஃபிஜியைச் சுற்றித்தான். முதலில் தெற்கே, ஃபிஜியின் நாடி நகரத்துக்கு 2,200 கிலோமீட்டர். அங்கிருந்து ஹவாயின் ஹொனலுலு போகிற விமானத்தில் ஏறி, அது நடுவில் கிரிட்டிமட்டியில் இறங்கும்போது நாமும் இறங்க வேண்டும். அது இன்னொரு 3,500. நானும் இப்படித்தான் போனேன். அந்த விமானம் வாரம் ஒருமுறைதான். தராவா விமானம் அதற்குத் தோதாக அமையாவிட்டால் நாடியில் அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். சொந்த நாட்டின் இன்னொரு தீவுக்குப் போக பாஸ்போர்ட்டும் வெளிநாட்டு ஹோட்டல் வாடகையும்! பறப்பது எட்டு மணி நேரம், பயணம் பல நாள்.

காத்திருந்ததில் ஒரு லாபம், நாடி சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். கடைத்தெரு முடிகிற இடத்தில் நம்மூர்க் கோபுரம், பளிச்சென்ற வண்ணத்தில். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் முருகனைக் கும்பிட்டுவிட்டு தங்களுக்குள் ஹிந்தியில் பேசிக்கொள்கிறார்கள்.

நேர் வழிக்காகத்தான் ஏர் கிரிபட்டி 2019 கடைசியில் எம்ப்ரேயர் ஜெட் ஒன்றை வாங்கியது. சில மாதத்தில் கொரோனா வந்து எல்லைகளை மூடிவிட்டார்கள். கஷ்டம் விமானத்தில் மட்டுமில்லை. இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றால் இறங்க இடம் வேண்டுமே? பாதி வழியில் காண்டன் தீவில் உலகப்போர்க் கால ஓடுபாதை ஒன்று உண்டு. அங்கே குடியிருப்பது சில குடும்பங்கள்தான்.

கடிகாரக் கூத்தையும் கேள். கிரிட்டிமட்டி எங்களைவிட இரண்டு மணி நேரம் முந்தி. முன்பெல்லாம் தேதிக்கோடு, அதாவது தாண்டினால் ஒரு நாள் மாறுகிற கற்பனைக் கோடு, நாட்டின் நடுவே ஓடியதாம். இங்கே திங்கள் என்றால் அங்கே ஞாயிறு. வாரத்தில் நாலு நாள்தான் இரண்டு பக்க ஆபீசும் சேர்ந்து திறந்திருக்கும். 1995 பிறந்தபோது கோட்டைக் கிழக்கே தள்ளிவிட்டார்கள். இப்போது ஹொனலுலுவுக்கும் கிரிட்டிமட்டிக்கும் கடிகாரம் ஒன்றே, தேதி மட்டும் ஒரு நாள் வித்தியாசம். ஹொனலுலுவிலிருந்து மூன்று மணி நேரம் தெற்கே பறந்தால் நாளைக்குப் போய் இறங்கலாம்.

என் வேலை அப்படியே போகிறது. இங்கே தராவாவின் பொன்ரிக்கி விமான நிலையத்தை ஒட்டித்தான் ஊருக்கான குடிநீர் நிலம். மணலுக்கு அடியில், உப்புத் தண்ணீர் மேல் மழைநீர் மெல்லிய படலமாக மிதக்கிறது. கொஞ்சம் அதிகமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். தினம் மீட்டரைப் பார்த்தபடி இருக்கிறேன்.

சரி, கலா கல்யாணத் தேதி குறித்ததும் உடனே எழுது. பத்திரிகை அடிக்கும்வரை காத்திருக்காதே. நாள் தெரிந்தால்தான் நாடி விமானத்தையும் அங்கிருந்து ஊருக்கு வருவதையும் பொருத்திப் பார்க்க முடியும். முடிந்தால் வாரக் கடைசியாகப் பார்த்து வை.

அன்புடன்,
ராகவன்