வார்சாவின் பழைய ஊரைப் பார்க்கத் தயங்கும் மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

போனில் நீங்கள் கேட்டது மனதிலேயே நிற்கிறது. "வார்சாவில் பழைய ஊர்னு சொல்றதெல்லாம் 1950 வாக்கில கட்டினதாமே, அதுல என்ன இருக்கு பார்க்க? நேரா கிராக்கோவ் போயிடலாம்" என்றீர்கள். கிராக்கோவ் கட்டாயம் போகலாம். இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய போலந்து ஊர் அது. ஆனால் பொதுப்பணித் துறையில் காலமெல்லாம் கட்டடங்களோடு இருந்த நீங்கள் வார்சாவின் பழைய ஊரைப் பார்க்காமல் போனால் எனக்கு மனசு ஆறாது.

மூட்டுவலியை நினைத்துத் தயங்க வேண்டாம். டிராமில் வந்து கீழே சுரங்கச் சாலையருகே இறங்கினால், மேலே ஏற எஸ்கலேட்டர் இருக்கிறது. ஏறியதும் கோட்டைச் சதுக்கம். நடுவில் மூன்றாம் ஸிக்முண்ட் மன்னருக்கு அவர் மகன் 1644-ல் எழுப்பிய தூண். 1944 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் அதைச் சாய்த்துவிட்டார்கள். வெண்கலச் சிலை தப்பியது, தூண் உடைந்தது. 1949-ல் புதுத் தூணின் மேல் அதே சிலையை ஏற்றி வைத்தார்கள். உடைந்த பழைய தூண் துண்டுகளைக் கோட்டைச் சுவரோரம் புல்லில் கிடத்தியிருக்கிறார்கள். முதலில் அங்கே போய் நில்லுங்கள்.

1944 ஆகஸ்டு முதல் தேதி ஊர் மக்கள் ஜெர்மானியர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். 63 நாள் சண்டை. அதில் மக்கள் தோற்ற பிறகும் ஜெர்மானியர்கள் ஊரை விடவில்லை, தெருத் தெருவாக எரித்தும் வெடி வைத்தும் தகர்த்தார்கள். பழைய ஊரில் 85 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அரச கோட்டையும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டதுதான். அதைத் திரும்பக் கட்ட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செலவுக்கு மக்கள் நன்கொடை கொடுத்தார்கள்.

இனி உங்களுக்கென்றே ஒரு விஷயம். பெல்லோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் 18-ஆம் நூற்றாண்டில் வரைந்த வார்சா தெருக்காட்சிகளைப் பார்த்துத்தான் ஊரைக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கோட்டைக்குத் தெற்கே போகும் அகலமான ராஜவீதிக்கு அந்தப் படங்கள் நிறையவே உதவின. ஆனால் பழைய ஊரின் சந்துகளுக்குக் கைகொடுத்தவை பெரும்பாலும் அளவு வரைபடங்கள். போருக்கு முன்பே வார்சா பாலிடெக்னிக் கட்டடக்கலை மாணவர்கள் வீடு வீடாகப் போய் முகப்பு, ஜன்னல், வாசல் என்று அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். ஊர் எரிந்த பிறகு அந்தத் தாள்களை வெளியே கடத்தி, பியோட்ர்கூஃப் என்ற ஊரில் ஒரு மடத்தில் ஒளித்து வைத்தார்கள். பயிற்சிக்கு வரைந்த தாளை உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள், மாமா! அதை நினைத்துக்கொண்டு அந்தச் சந்துகளில் நடந்தால் ஒவ்வொரு வாசல்படியும் வேறு மாதிரி தெரிகிறது.

யான் தேவாலயத்தின் பக்கச் சுவரில், வெடிமருந்து சுமந்து வந்த ஜெர்மன் வண்டியின் சங்கிலிப் பட்டை பதித்திருக்கும். அவசரப்பட்டால் கண்ணில் படாது. அங்கிருந்து சந்தைச் சதுக்கம். நடுவில் வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி சிலை, சுற்றிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை வீடுகள். முகப்பில் பார்க்கும்போது பழமை, உள்ளே தொழிலாளர் குடும்பங்களுக்காக அமைத்த குடியிருப்புகள். போருக்கு முன் பின்கட்டுகளில் நெருக்கியடித்துக் கட்டியிருந்ததை மறுபடி கட்டாமல், முற்றத்துக்கு வெளிச்சம் வர விட்டார்கள். அப்படியே நகலெடுத்தார்கள் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 1980-ல் யுனெஸ்கோ இந்த இடத்தைப் பட்டியலில் சேர்த்ததே மீட்டுக் கட்டிய இந்த வேலைக்காகத்தான்.

சில வீடுகளின் முகப்பில் சித்திரம் இருக்கும். ஒரு நிறப் பூச்சின் மேல் இன்னொரு நிறம் பூசி, ஈரம் காய்வதற்குள் மேல்பூச்சைச் சுரண்டிக் கோலம் எடுக்கும் வேலை. காரைப்பூச்சில் நீங்கள் எவ்வளவு கறாரானவர் என்று எனக்குத் தெரியும். கிட்டே போய்ப் பாருங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக பார்பிகன், 16-ஆம் நூற்றாண்டின் அரைவட்டக் காவல்கோட்டை. 1950-களில் அதைத் திரும்ப எழுப்பியபோது நிஸா, வ்ரோத்ஸ்வாஃப் ஊர்களில் இடிந்த கட்டடங்களின் பழைய செங்கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். புதுச் செங்கல் பொருந்தாது என்றா, செங்கல்லே கிடைக்காத காலம் என்றா? எந்த வரி அசல், எங்கே புது வேலை தொடங்குகிறது என்று நான் எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை. நீங்கள் ஒரு தட்டு தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள்.

கிராக்கோவ் ரயிலை மறுநாள் காலைக்கு மாற்றிவிடட்டுமா? அத்தையிடமும் கேட்டுச் சொல்லுங்கள். கருங்கல் பாவிய தெருக்கள், அதனால் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்